பெயர் பொறித்த உளியும் பெயரில்லா வாய்ச்சியும்

பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் பேதம் தெரியாது. தேய்ந்த கலப்பைக் கொழுவும், அறுந்த சைக்கிள் சங்கிலியும், நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரிலிருந்து கப்பலேறி வந்த ஓர் உளியும் அதற்கு ஒரே விலைதான். ஆனைமலைப் பக்கத்தில் தச்சுத் தொழில் செய்த பெரியவர் ஒருவர் மறைந்து, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால், பரண்மேல் கிடக்கும் கருவிப் பெட்டி பெரும்பாலும் இந்தத் தராசுக்குத்தான் வந்து சேரும். மின் ரம்பமும் மின் இழைப்பு எந்திரமும் வந்துவிட்ட காலத்தில் இதில் வியப்பில்லை. ஆனால் பெட்டியை இறக்குவதற்கு முன், அதிலுள்ளவை யாரால், எங்கே, எப்போது செய்யப்பட்டவை என்று ஒரு பகல் பொழுது உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கு வேண்டியவை ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு கைவிளக்கு, கொஞ்சம் மண்ணெண்ணெய், நிறையப் பொறுமை. அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்துப் பெட்டியில் பல நாட்டுக் கருவிகள் கலந்திருக்கக் காரணம் உண்டு. ஆனைமலைத் தேக்கின் புகழ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பம்பாய்க் கப்பல் கட்டும் துறை வரை எட்டியிருந்தது. 1848இல் மதராஸ் படையைச் சேர்ந்த மைக்கேல் என்ற அதிகாரி இக்காட்டில் மரம் வெட்டி இறக்கும் பணிக்கு அமர்த்தப்பட்டார். 1856இல் டாக்டர் கிளெகார்ன் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். மலை மேலிருந்து மரங்களைச் சரியவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெட்டித் தீர்ந்த தேக்கை அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கவிட்டு வளர்த்த ஹியூகோ உட்டின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. காட்டைத் தொடர்ந்து வால்பாறையில் தேயிலை, காப்பித் தோட்டங்கள் வந்தன. 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது. 1960களில் ஆழியாறு அணை எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தச்சர்கள் தேவைப்பட்டனர். ஒவ்வொன்றோடும் புதுக் கருவிகள் வந்தன. வேலை முடிந்தபின் அவை கைமாறி ஊருக்குள் புகுவது இயல்புதானே.

பெயர் எதற்கு?

பெட்டியைத் திறந்தவுடன் ஒன்று புலப்படும். சில கருவிகளில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றவற்றில், அதாவது வாய்ச்சி, கொட்டாப்புளி, சில உளிகள் ஆகியவற்றில், ஒன்றுமே இராது. பெயர் உள்ளவை உயர்ந்தவை, பெயரில்லாதவை மட்டமானவை என்று முடிவு கட்டுவது எளிது. அது தவறு.

செய்தவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில்தான் பெயர் பொறிக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்க் கொல்லர் அடித்த வாய்ச்சியை உள்ளூர்த் தச்சர் வாங்கினால், அது யார் வேலை என்று அவருக்குத் தெரியும். வாய் மடங்கினால் அதே உலைக்கு எடுத்துப் போவார். இரும்பில் எழுதி வைக்க அங்கே என்ன தேவை? ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த உளியோ தன் நற்சான்றைத் தன் உடம்பிலேயே சுமந்து வர வேண்டியிருந்தது. ஷெபீல்டு வட்டாரக் கத்தித் தொழிலாளர்களுக்கு 1624இலேயே சட்டப்படி ஒரு சங்கம் அமைந்து, ஒவ்வொரு பட்டறைக்கும் தனிக்குறி வழங்கியது. 1876 முதல் பிரிட்டன் முழுவதற்கும் வணிகக் குறிப் பதிவேடு ஏற்பட்டது.

எழுத்தறியாதவரும் இனம் காணவேண்டும் என்பதால் பல குறிகள் படங்களாக இருந்தன. ஷெபீல்டின் வில்லியம் மார்ப்பிள்ஸ் கம்பெனி மூவிலைக் கொத்து ஒன்றைப் பொறித்தது. கிளாஸ்கோவின் மேத்திசன் கம்பெனிக்குப் பிறையும் விண்மீனும். வெப்ப நாடுகளுக்கு மண்வெட்டி அனுப்பிய சில்லிங்டன் கம்பெனி முதலையைப் போட்டது. மண்வெட்டி என்றதும் ஒரு செய்தி: நம் சொல்லே ‘மமூட்டி’ என்று உருமாறி ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. கருவி அங்கிருந்து வந்தது. பெயர் இங்கிருந்து போனது.

பெயர் போலத் தோன்றும் பெயரல்லாதவை

படிக்கக் கிடைத்த எழுத்தையெல்லாம் செய்தவர் பெயர் என்று கொள்வதுதான் புதியவர் செய்யும் முதல் பிழை. கை ரம்பத்தின் பிடியில் பித்தளை வில்லை ஒன்று பதித்திருக்கும். அதில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று இருந்தால் அது கம்பெனி அல்ல. ‘உயர் தரம், உத்தரவாதம் உண்டு’ என்பதே பொருள். எந்தப் பட்டறையும், எந்தக் கடைக்காரரும் அந்த வில்லையை வாங்கிப் பதிக்கலாம். ரம்பத் தகட்டில் ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்று இருந்தால் அது ஜெர்மனியில் செய்யப்பட்டது என்று துள்ள வேண்டாம். அது எஃகின் ஒரு வகைக்கு இங்கிலாந்துப் பட்டறைகள் வைத்திருந்த பெயர். இன்னும் சிலவற்றில் உள்ள பெயர் விற்ற கடைக்காரருடையது. செய்தவர் வேறொருவர்.

இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ‘காஸ்ட் ஸ்டீல்’ என்பது. இதை வார்ப்பிரும்பு என்று எண்ணி ஒதுக்குவாரும் உண்டு. வார்ப்பிரும்பில் கூரிய வாய் நிற்காது, அடித்தால் உடையும். இது அதுவல்ல. 1740ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, தம் கடிகார வில்களுக்கு ஏற்ற சீரான எஃகு கிடைக்காமல், களிமண் மூசையில் எஃகை முழுதும் உருக்கி ஊற்றும் முறையைக் கண்டார். ஷெபீல்டின் செல்வம் அந்த மூசையிலிருந்து பிறந்தது எனலாம். ‘உருக்கி எடுத்த எஃகு’ என்பதையே அந்த முத்திரை பெருமையோடு அறிவிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மின்னுலைகள் பரவியபின் இந்த முத்திரை மெல்ல மறைந்தது. ஆகவே இச்சொற்கள் உள்ள உளி பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது.

இங்கே கொங்கு நாட்டு வாசகர் சற்று நின்று யோசிக்க இடமுண்டு. நம் மொழியில் எஃகுக்கு ‘உருக்கு’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கும் உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ஹன்ட்ஸ்மனுக்கு ஈராயிரம் ஆண்டு முந்திய செய்தி அது. தென்னாட்டுக் கொல்லர்கள் தேனிரும்புத் துண்டையும் ஆவாரங் குச்சியையும் மூசையில் அடைத்து, எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, களிமண் பூசி, உலையில் ஏற்றிய முறையை விரிவாக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் கலந்து எஃகாகும். மதராஸ் மாகாண அதிகாரியாக இருந்த ஹீத், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தி நட்டப்பட்டார். பிறகு இங்கிலாந்து சென்று, உருகும் எஃகில் மாங்கனீசு சேர்த்தால் அது எளிதில் பற்றவைக்கத்தக்கதாகும் என்று 1839இல் பேட்டன்ட் பெற்றார். ஷெபீல்டுக்காரர்கள் அவர் முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டு உரிமைத் தொகை தர மறுத்தார்கள். வழக்குகள் முடியுமுன்னரே அவர் இறந்துபோனார். 1855இல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பும் அவர் தரப்புக்குப் பாதகமாகவே அமைந்தது. அக்காலத்துக்குப் பிற்பட்ட ‘காஸ்ட் ஸ்டீல்’ உளியைப் பிடிக்கும்போது இந்த மனிதரும் நினைவுக்கு வருகிறார். அவர் பெயரை எந்த உளியும் பொறிக்கவில்லை.

ஓர் உடலில் இரண்டு ஊர்

இப்போது மர இழைப்புளியை எடுத்துக்கொள்வோம். நடுவிலுள்ள ஆப்பைத் தட்டித் தளர்த்தித் தகட்டை உருவினால், அதன் மேற்பகுதியில் ஷெபீல்டுப் பெயர் ஒன்று தெளிவாக இருக்கலாம். உடனே ‘இது ஷெபீல்டு இழைப்புளி’ என்று குறித்துக்கொள்வோம். ஆனால் மரம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் இழைப்புளி செய்தவர்கள் பெரும்பாலும் பீச் என்ற மரத்தையே பயன்படுத்தினார்கள். வெளிறிய பழுப்பு நிறம். பக்கவாட்டில் பார்த்தால் சிறுசிறு கோடுகளாகப் புள்ளியிட்டது போன்ற மினுமினுப்பு. இம்மரம் நம் மலைகளில் வளர்வதில்லை. அவர்கள் தம் பெயரை உடலின் முன்முகத்தில் குறுக்கிழையில் குத்துவார்கள். ஆகவே உடல் பீச் மரமாக இருந்து, முன்முகத்திலும் பெயர் இருந்தால், முழுக் கருவியும் கடல் கடந்து வந்தது எனத் துணியலாம். உடல் கருஞ்சிவப்பு ஓடிய ஈட்டி மரமாகவோ, தேக்காகவோ, வேலமரமாகவோ இருந்தால் கதை வேறு. தகடு மட்டுமே வந்திருக்கிறது. ஷெபீல்டுக் கம்பெனிகள் இழைப்புளித் தகடுகளைத் தனியாகவே விற்றன. தகட்டை வாங்கி, மரத்தைத் தேர்ந்து, வாய் குடைந்து, சாய்வு பார்த்து உடலைச் செய்தவர் இங்குள்ள ஆசாரி. தரையில் உட்கார்ந்து காலால் மரத்தை அணைத்து வேலை செய்யும் தம் பழக்கத்துக்கு ஏற்ப நீளத்தையும் பிடியையும் அவரே தீர்மானித்தார். தகடு இல்லாவிட்டால் இழைக்க முடியாது. உடல் சரியில்லாவிட்டால் எந்தத் தகடும் சரியாக இழைக்காது. இதில் யாரை ‘செய்தவர்’ என்பது? இருவரையும் என்பதே நேர்மையான விடை.

மரத்தை இனம் காண்பதில் ஐயம் எழுந்தால், அடிப்பக்கத்தின் ஒரு சிறு மூலையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு லென்சால் பார்க்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கோவையில் வனக் கல்லூரி வளாகத்திலுள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வருவது நல்லது. 1902இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் நம் காட்டு மரங்களின் மாதிரிகளைக் காணலாம். கறுத்துப்போன பழைய மரத்தை நிறத்தைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. ஐம்பது ஆண்டு எண்ணெய் குடித்த தேக்கும் ஈட்டிபோலத் தோன்றும்.

கடைசியாக வந்தது எது?

இரும்பு இழைப்புளியில் ஆண்டு கண்டுபிடிப்பது எளிது என்பார்கள். உண்மைதான், அதனாலேயே ஏமாறுவதும் எளிது. அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 1869இல் லெனார்டு பெய்லியின் இழைப்புளித் தொழிலை வாங்கியது. அதன்பின் செய்த ஒவ்வொரு சிறு மாற்றமும் ஆராய்ச்சியாளர்களால் பட்டியலிடப்பட்டுள்ளது. தகட்டை இடவலமாகச் சாய்க்கும் நெம்புகோல் 1885 அளவில் வந்தது. உடலின் உட்புறத்தில் வார்த்திருக்கும் பேட்டன்ட் தேதிகளுள் கடைசியானது 1910 ஏப்ரல் என்றால், அந்த உடல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. தகட்டு முத்திரையில் இதய வடிவம் இருந்தால் அது 1920க்கும் 1930களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. இங்கிலாந்தில் செய்த ஸ்டான்லி என்றால் 1930களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். ஷெபீல்டின் ரெக்கார்டு இழைப்புளிகள் 1931இல்தான் விற்பனைக்கு வந்தன.

இப்போது 1910 தேதியுள்ள அமெரிக்க உடலில் ‘மேட் இன் இங்கிலாண்டு’ தகடு செருகியிருந்தால்? தகடு தேயும் பொருள். தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். தொல்பொருள் ஆய்வாளர்கள் கையாளும் விதி இங்கும் பொருந்தும்: ஒரு குழியில் பல காலத்து நாணயங்கள் கிடைத்தால், அக்குழி மூடப்பட்ட காலம் அவற்றுள் கடைசி நாணயத்துக்குப் பிந்தியதே. அதுபோல இந்த இழைப்புளி இன்றைய உருவை அடைந்தது 1930களின் பிற்பகுதிக்குப் பின்னரே. உடலுக்கு ஒரு வயது, தகட்டுக்கு ஒரு வயது. இரண்டையும் தனித்தனியே எழுதி வைக்கவேண்டும்.

நாட்டின் பெயரும் ஒரு காலக் குறிதான். ஷெபீல்டுக் குறிகளைப் போலியாகப் பொறித்து ஜெர்மன் சரக்குகள் வருகின்றன என்ற கூக்குரலால் பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டம் செய்தது. 1889இல் இந்தியாவிலும் அத்தகைய சட்டம் வந்தது. அமெரிக்கா 1890இல் இறக்குமதிப் பொருள்கள் மீது நாட்டின் பெயர் வேண்டும் என்றது. ஆதலால் நாட்டின் பெயரைத் தெளிவாகக் கூறும் கருவி பெரும்பாலும் இவற்றுக்குப் பிற்பட்டது. குடும்பச் சொற்களும் உதவும். பிலடெல்பியாவில் 1840இல் ரம்பத் தொழில் தொடங்கிய ஹென்றி டிஸ்ட்டனின் வில்லையில் ‘மகன்’ என்ற ஒருமைச் சொல் இருந்தால் அது 1865க்குப் பின் சில ஆண்டுகளே வழங்கியது. ‘மகன்கள்’ என்று பன்மையானால் 1871க்குப் பின்.

நம் பகுதிக்கு மிகவும் பயன்படுவது உடைமைக் குறி. அகன்ற அம்பு ஒன்றும் அதனருகே ஆங்கில ‘ஐ’ எழுத்தும் இருந்தால், பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்திய அரசின் கிடங்குப் பொருள் அது. அருகில் 1942, 1943 என்ற ஆண்டு இருந்தால் போர்க்கால வழங்கலாகக் கொள்ளலாம். போர் முடிந்தபின் உபரிச் சாமான்கள் பெருவாரியாக விற்கப்பட்டன. ‘எஸ்.ஐ.ஆர்.’ என்பது தென்னிந்திய ரயில்வே. போத்தனூர் வழிப் பாதை 1908இல்தான் அந்தக் கம்பெனியிடம் வந்தது. 1951இல் அக்கம்பெனி தென்னக ரயில்வேயில் இணைந்தது. இங்கு புழங்கிய ரயில்வே ரம்பத்தில் அந்த எழுத்து இருந்தால் காலம் நாற்பத்து மூன்று ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அது எப்படித் தச்சர் வீட்டுக்கு வந்தது என்று மட்டும் துருவ வேண்டாம்.

பெயரில்லாதவற்றைப் படித்தல்

கடினமான பகுதி இனிமேல்தான். பெட்டியின் அடியில் கிடக்கும் வாய்ச்சியிலும் உளிகளிலும் எழுத்தே இல்லை. ஆனால் சம்மட்டி தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பக்கங்களைப் பாருங்கள். எந்திரச் சம்மட்டியில் அச்சிட்டு அடித்தது இரு பக்கமும் ஒத்திருக்கும். அச்சு மூடும் இடத்தில் மெல்லிய விளிம்பு ஓடியிருக்கும். கையால் அடித்ததில் தட்டைத் தட்டையான முகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கனம் இடத்துக்கு இடம் மாறும்.

எஃகு விலை உயர்ந்த பொருளாக இருந்தவரை, வாய்க்கு மட்டும் எஃகு வைத்து உடலைத் தேனிரும்பால் செய்வது உலகெங்கும் கொல்லர் வழக்கம். வாயருகே துருவை மெல்ல நீக்கி, காடியில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் இது தெரியவரும். கரி மிகுந்த எஃகு கறுக்கும். தேனிரும்பு வெளிறி நிற்கும். இரண்டுக்கும் இடையே ஒரு கோடு ஓடும். அந்தக் கோடுதான் கொல்லரின் கையெழுத்து. சிலர் எஃகை நடுவில் செருகிப் பற்றவைப்பார்கள். சிலர் ஒரு பக்கமாகப் போர்த்துவார்கள். ஒரே ஊரிலிருந்து கிடைத்த ஐந்தாறு வாய்ச்சிகளில் கோடு ஒரே மாதிரி ஓடி, காம்பு நுழையும் கண்ணும் ஒரே வடிவில் இருந்தால், அவை ஒரே உலையிலிருந்து வந்தவை என்று ஊகிக்க நல்ல ஆதாரம் உண்டு. சோதனை முடிந்ததும் நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ மறக்கக்கூடாது.

ஓர் உளியின் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய வரிகள் தெரிகின்றனவா? அது முன்பிறப்பில் அரமாக இருந்தது. தேய்ந்த அரத்தை உளியாக அடிப்பது நம் உலைகளில் சாதாரணம். அரம் நல்ல கரியேறிய எஃகு. இதில் வேடிக்கை என்னவென்றால், சில வேளைகளில் அரத்தின் பழைய கம்பெனி முத்திரை அடிப்பகுதியில் பாதி தப்பியிருக்கும். அதை நம்பி அயல்நாட்டு உளி என்று சொன்னால் உலைக்காரரின் வேலையை இன்னொருவர் கணக்கில் எழுதியவராவோம். வண்டி வில் பட்டையிலிருந்து அடித்தவற்றில் பட்டையின் மூல அகலமும் மெல்லிய வளைவும் எங்காவது எஞ்சியிருக்கும். பேருந்தும் லாரியும் ஓடத் தொடங்கியபின் வந்த பொருளாக அது இருக்கலாம்.

கைப்பிடி, கருவி புழங்கிய இடத்தைச் சொல்லும். பிறந்த இடத்தைச் சொல்லாது. மஞ்சள் பூத்த பாக்ஸ் மரப் பிடி உடைந்தபின் புளியங் கட்டையோ வேலங் கட்டையோ ஏறியிருக்கும்.

இத்தனையும் தெரிய வேண்டுமானால் தடயம் அழியாமல் இருக்கவேண்டும். பழைய கருவியைக் கண்டதும் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. ஆழமில்லாத ஒரு முத்திரை ஒரு நொடியில் போய்விடும். மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் மெல்லிய பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் சுண்ணக்கட்டித் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கலாம். நாணயத்தைப் படியெடுத்து விளையாடிய அதே முறைதான்.

இப்படித் துடைக்கும்போது இழைப்புளியின் பக்கத்தில் கத்தி முனையால் கீறிய தமிழ் எழுத்து ஒன்றிரண்டு தெரியலாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று கைகளின் எழுத்து. உடையவர் பெயர்கள் அவை: தந்தை, மகன், அல்லது ஏலத்தில் எடுத்த இன்னொருவர். கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளிலும் இப்படித்தான் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஷெபீல்டு முத்திரைக்கு அச்சிட்ட பட்டியல்கள் உள்ளன. பிரிட்டிஷ் இழைப்புளிக்காரர்களைப் பற்றி குட்மன் என்பவர் 1968இலேயே ஒரு நூல் வெளியிட்டுவிட்டார். இந்தக் கீறல்களுக்கும், அந்த வாய்ச்சியை அடித்த உலைக்கும் எந்தப் பட்டியலும் உதவாது. வீட்டிலுள்ள மூத்தவரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, “இது யார் அடித்தது, எந்த ஊர் உலை?” என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைக்க வேண்டியதுதான். பெயரைவிடக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தபிறகே பலருக்கு ஞாபகம் வரும். ஆகவே படத்தைக் காட்டிக் கேட்காமல், கருவியையே கொடுங்கள்.